த்ரோ பண்ணின எக்செப்ஷன் எங்க இருக்கணும், யார் ஃப்ரீ பண்ணணும்? (சொந்த மொழி டிசைன்)

சின்னமொழி:

வணக்கம் மக்களே. சொந்தமா ஒரு சின்ன ப்ரோக்ராமிங் மொழி எழுதிட்டு இருக்கேன், பேக்எண்ட் (மெஷின் கோடா மாத்தற பாகம்) எல்எல்விஎம், ஜிசி (பயன்படாத மெமரியை தானா விடுவிக்கற கார்பேஜ் கலெக்டர்) கிடையாது, ஒவ்வொரு வேல்யூவுக்கும் ஒரே ஒரு ஓனர், ஸ்கோப் முடிஞ்சா அதை அழிக்கற டிஸ்ட்ரக்டர் ஓடும், அடுத்த ஃபங்ஷனுக்கு கொடுத்தா மூவ் ஆகிடும், அதாவது ஓனர் மாறிடும். இதுவரைக்கும் இந்த ரூல் எல்லா இடத்துலயும் பொருந்தி வந்துச்சு. எக்செப்ஷன் (தப்பு நடந்தா த்ரோ பண்ணி, மேல எங்கயோ கேட்ச் பண்றது) சேர்க்கலாம்னு உட்கார்ந்தா அங்க வந்து முட்டிக்கிட்டு நிக்குது.

விஷயம் இதான். ஒரு ஃபங்ஷன் கான்ஃபிக் ஃபைலை படிக்குது, 40வது வரியில தப்பு, உடனே த்ரோ. அந்த எக்செப்ஷனுக்குள்ள ஃபைல் பேரு ஒரு ஸ்ட்ரிங், வரி எண், என்ன தப்புன்னு ஒரு மெசேஜ். அதை உருவாக்கின ஃப்ரேம் (ஃபங்ஷன் ஓடும்போது ஸ்டாக்ல அதுக்குன்னு இருக்கற இடம்) இப்பவே அழியப் போகுது, கேட்ச் பண்ணப் போறவன் எங்கயோ பத்து ஃப்ரேம் தள்ளி இருக்கான், நடுவுல இருக்கற ஃபங்ஷன்களுக்கு இப்படி ஒண்ணு தங்களை தாண்டி போகுதுன்னே தெரியாது. அப்போ அந்த இடைப்பட்ட நேரத்துல அந்த ஆப்ஜெக்ட் யாரோடது? என் டைப் சிஸ்டத்துல இதுக்கு பதிலே இல்ல.

எனக்கு தோணின வழி: ஹீப்ல (ஓடும்போது கேட்டு வாங்கற மெமரி) வெச்சு பாயிண்டரை அனுப்பறது, ஆனா மெமரி தீர்ந்துடுச்சுன்னு சொல்ல வர்ற எக்செப்ஷனுக்கே மெமரி கேட்டு நிக்கணும். இல்ல, த்ரெட்டுக்கு ஒரு ஃபிக்ஸட் இடம் ஒதுக்கி எல்லாத்தையும் அதுலயே எழுதறது. இல்ல, எக்செப்ஷனையே விட்டுட்டு ரஸ்ட் மாதிரி ரிட்டர்ன் வேல்யூவா கொடுக்கறது. இதுக்கு மேல, பிடிச்ச எக்செப்ஷனை வேற த்ரெட்டுக்கு அனுப்பணும், லிஸ்ட்ல சேர்த்து வெச்சு அப்புறம் பார்க்கணும்னு எல்லாம் யூஸ் பண்றவங்க கேட்பாங்க. மத்த மொழிகள்ல உள்ள என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஜிசி போட்டுடுங்கற பதில் மட்டும் வேணாம் ப்ளீஸ்.


பழையகம்பைலர்:

சி++ல உள்ள நடக்கறதை ஒரு தடவை முழுசா பாருங்க ப்ரோ, உங்க கேள்வில பாதிக்கு அங்கேயே பதில் கிடைச்சுடும். ஸ்டாண்டர்ட்ல எக்செப்ஷனுக்கு மெமரி எப்படி ஒதுக்கணும்னு சொல்லவே மாட்டாங்க, அது இம்ப்ளிமெண்டேஷன் இஷ்டம். அதனால ரெண்டு பெரிய கேம்ப் ரெண்டு விதமா பண்ணி வெச்சிருக்கு.

லினக்ஸ், மேக் பக்கம் எல்லாம் ஐட்டேனியம் ஏபிஐ (ABI, கம்பைல் ஆன கோடுகள் ஒண்ணோட ஒண்ணு பேசற விதி). நீங்க த்ரோன்னு எழுதினா கம்பைலர் அதை மூணு வேலையா பிரிக்குது. முதல்ல சிஎக்ஸ்ஏ அலொகேட் எக்செப்ஷன்னு ஒரு ரன்டைம் ஃபங்ஷனை கூப்பிட்டு இவ்வளவு பைட் வேணும்னு கேட்கும், அந்த இடத்துலயே ஆப்ஜெக்ட்டை கன்ஸ்ட்ரக்ட் பண்ணும், அப்புறம் சிஎக்ஸ்ஏ த்ரோவுக்கு மூணு விஷயத்தை கொடுக்கும்: ஆப்ஜெக்ட்டோட பாயிண்டர், டைப் தகவல், டிஸ்ட்ரக்டரோட அட்ரஸ். நீங்க கவனிக்க வேண்டியது அந்த மூணாவதுதான். அந்த நிமிஷத்துல இருந்து ஓனர் ரன்டைம், உங்க ஃபங்ஷன் கை கழுவியாச்சு. டைப்பே தெரியாம அழிக்கணும்ங்கறதுக்காகத்தான் டிஸ்ட்ரக்டரையும் கூடவே கொடுத்து அனுப்பறாங்க. அலொகேட் பண்ணின இடத்துல உங்க ஆப்ஜெக்ட்டுக்கு முன்னாடி ஒரு ஹெடர் ஒட்டி இருக்கும், 64 பிட்ல சுமார் 128 பைட். டைப், டிஸ்ட்ரக்டர், எத்தனை கேட்ச் இப்ப இதை பிடிச்சு வெச்சிருக்குங்கற கவுண்ட், அடுத்த எக்செப்ஷனுக்கு ஒரு லிங்க், அன்வைண்டருக்கு (ஃப்ரேம்களை ஒவ்வொண்ணா கலைச்சுட்டு வர்ற பாகம்) வேண்டிய சமாச்சாரம் எல்லாம் அதுல. ஒரு இண்டீஜரை த்ரோ பண்ணினாலும் இந்த ஹெடர் உண்டு.

கேட்ச்குள்ள நுழையும்போது பிகின் கேட்ச், அந்த கவுண்ட் ஏறும், த்ரெட்டோட லிஸ்ட்ல இது போய் சேரும். வெளிய வரும்போது எண்ட் கேட்ச், கவுண்ட் இறங்கும், பூஜ்யம் ஆனா டிஸ்ட்ரக்டரை ஓட்டி மெமரியை விடும். ரீத்ரோ (பிடிச்சதையே மறுபடி த்ரோ) பண்ணினா கவுண்டை மைனஸ்ல மாத்தி குறி வெச்சுக்கும், அப்ப எண்ட் கேட்ச் வந்தாலும் அழிக்காது. கேட்ச்குள்ளேயே இன்னொரு ட்ரை கேட்ச் இருந்தா, பழசு லிஸ்ட்ல அடியில கிடக்கும், புதுசு மேல வரும். அதாவது த்ரெட்டுக்கு ஒரே ஒரு இடம்ங்கற உங்க ரெண்டாவது ஐடியா இங்கேயே அடிபடுது, ஒரே நேரத்துல ஒரு த்ரெட்ல ரெண்டு மூணு எக்செப்ஷன் உயிரோட இருக்கறது சர்வ சாதாரணம்.

வேற த்ரெட்டுக்கு அனுப்பறதுக்கு சி++11ல எக்செப்ஷன் பாயிண்டர்னு ஒண்ணு வந்துச்சு, இந்த ஏபிஐல அது அதே ஆப்ஜெக்ட்டுக்கு ஒரு ரெஃபரன்ஸ் கவுண்ட் அவ்வளவுதான், காப்பி ஆகாது.

இப்ப எம்எஸ்விசி, மைக்ரோசாஃப்ட்டோட சி++ கம்பைலர். அங்க எக்செப்ஷன் த்ரோ பண்ணின ஃபங்ஷனோட ஸ்டாக்லயே டெம்பரரியா இருக்கும், ஹீப்ங்கற பேச்சே இல்ல. அந்த ஃப்ரேம்தான் அழியுதேன்னு கேட்டா, அழியாது. கேட்ச் ப்ளாக்கை ஒரு தனி குட்டி ஃபங்ஷனா பண்ணி, ஸ்டாக் பாயிண்டரை பின்னாடி கொண்டு வராம, த்ரோ நடந்த இடத்துக்கும் அந்தப் பக்கம் வெச்சே ஓட்டுவாங்க. நடுவுல இருக்கற லோக்கல்களோட டிஸ்ட்ரக்டர் எல்லாம் ஓடிடும், ஆனா ஸ்டாக் இடம் மட்டும் கேட்ச் முடியற வரைக்கும் அப்படியே கிடக்கும். அலொகேஷன் ஃபெயில் ஆகற பிரச்சனையே வராது, ரொம்ப சாமர்த்தியமான வேலை. ஆனா ஆழமான ரிகர்ஷன்ல இருந்து த்ரோ பண்ணி, கேட்ச்குள்ள இருந்து மறுபடி ஆழமா போனீங்கன்னா ஸ்டாக் வேகமா கரையும். அதோட எக்செப்ஷன் பாயிண்டர் வேணும்னா அங்க ஹீப்புக்கு காப்பி பண்ணியே ஆகணும்.

மெமரி தீர்ந்தா என்ன ஆகும்னு கேட்டீங்க. ஜிசிசி கம்பைலரோட லைப்ரரி முதல்ல சாதாரணமா மேலாக்கை (ஹீப் மெமரி கொடுக்கற ஃபங்ஷன்) கேட்கும், இல்லன்னு வந்தா ப்ரோக்ராம் ஆரம்பிக்கும்போதே எடுத்து வெச்சிருக்கற ஒரு எமர்ஜென்சி பூல்ல இருந்து கொடுக்கும், அதுவும் காலின்னா டெர்மினேட். வால்க்ரைண்ட்ங்கற மெமரி செக் டூலோட பழைய வெர்ஷன்ல ஒண்ணுமே பண்ணாத ப்ரோக்ராமுக்கு கூட 72,704 பைட் இன்னும் ஃப்ரீ ஆகலன்னு வந்துச்சே, நிறைய பேர் லீக்னு நினைச்சு தேடினாங்க, அதுதான் இந்த பூல், ஜிசிசி 5ல இருந்து. ஜிசிசி 13ல இதோட சைஸை என்விரான்மெண்ட் வேரியபிள்ல மாத்திக்கலாம்னு கொண்டு வந்தாங்க. எல்எல்விஎம் பக்கத்து லைப்ரரில இதே வேலைக்கு வெச்சிருக்கறது 512 பைட்தான். ஹெடரே 128 போயிடுதுன்னா எத்தனை எக்செப்ஷன் நிக்கும்னு நீங்களே பாருங்க.


எம்பெடட்_ஆள்:

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா மைக்ரோகண்ட்ரோலர்ல இது எதுவுமே கட்டுப்படியாகாது, 32 கேபி ரேம் இருக்கற போர்டுல 72 கேபி பூலை எங்க வைக்கிறது. நான் சொல்ல வர்றது, எரரோட டேட்டா தூக்கிட்டு போகணும்ங்கற ஆசையை முதல்ல விடுங்க. ஸிக் மொழியில எரர்ங்கறது வெறும் எண், டிஃபால்ட்டா 16 பிட், அதுக்குள்ள ஸ்ட்ரிங் கிடையாது ஒண்ணும் கிடையாது. அலொகேஷனே இல்லன்னா ஓனர் யாருங்கற கேள்வியே எழாது.

ஃபைல் பேரு வரி எண்ணு எல்லாம் வேணும்னா அதுக்கு அங்க ஒரு வழக்கம் இருக்கு. கூப்பிடறவனே டயக்னாஸ்டிக்ஸ்னு ஒரு ஸ்ட்ரக்ட் தன் ஸ்டாக்ல வெச்சுக்கிட்டு அதோட பாயிண்டரை உள்ள கொடுப்பான், உள்ள தப்பு நடந்தா அதுல எழுதி வெச்சுட்டு எண்ணை மட்டும் ரிட்டர்ன் பண்ணுவாங்க. ஸிக்கோட ஜேசான் பார்சர்ல இதை பார்க்கலாம். ஓனர் கூப்பிட்டவன், லைஃப்டைம் கூப்பிட்டவனோட ஸ்கோப், முடிஞ்சது.

இன்னொண்ணு, ஸ்டாட்டிக்கா ஒரே ஒரு எக்செப்ஷன் ஆப்ஜெக்ட்டை முன்னாடியே பண்ணி வெச்சு அதையே திரும்ப திரும்ப த்ரோ பண்ணலாம்னு யாராவது சொல்லுவாங்க, அதுல ஜாக்கிரதையா இருங்க. ஜாவால ஹாட்ஸ்பாட் (அதோட ரன்டைம்) இதை ரெண்டு இடத்துல பண்ணுது. அவுட் ஆஃப் மெமரி எரரை டிஃபால்ட்டா 4 ஆப்ஜெக்ட் முன்கூட்டியே பண்ணி வெச்சுக்கும், அது தீர்ந்தா ஸ்டாக் ட்ரேஸ் (எந்தெந்த ஃபங்ஷன் வழியா வந்துச்சுங்கற பட்டியல்) இல்லாத ஒண்ணை கொடுக்கும். அது நியாயம், வேற வழியே இல்ல. ஆனா ஒரே இடத்துல நல் பாயிண்டர் எக்செப்ஷன் அடிக்கடி வந்தா ஜிட் கம்பைலர் (ப்ரோக்ராம் ஓடும்போதே கம்பைல் பண்றது) அந்த இடத்தை திருப்பி எழுதி, ட்ரேஸே இல்லாத ரெடிமேட் ஆப்ஜெக்ட்டை த்ரோ பண்ண ஆரம்பிச்சுடும். ப்ரொடக்ஷன் லாக்ல வெறும் ஒரு வரி மட்டும் வந்துக்கிட்டே இருக்கும், எங்க இருந்து வருதுன்னு தெரியாம மண்டை காயும். ஒமிட் ஸ்டாக் ட்ரேஸ் இன் ஃபாஸ்ட் த்ரோங்கற ஃப்ளாக்கை ஆஃப் பண்ணினாத்தான் தெரியும். ஆப்ஜெக்ட்டை பகிர்ந்துக்கிட்டா, அந்த தடவைக்கு மட்டும் உண்டான தகவல் எதையும் அதுல எழுத முடியாது, அதுதான் விலை.


சின்னமொழி:

ரெண்டு பேருக்கும் நன்றி, இவ்வளவு விவரமா எதிர்பார்க்கல. ஸிக் வழி எனக்கு புடிச்சிருக்கு, ஆனா என் மொழி போர்டுக்கு இல்ல, சர்வர் பக்கத்து டூல் எழுதறதுக்கு. அங்க நடுவுல இருக்கற எல்லா ஃபங்ஷனும் டயக்னாஸ்டிக்ஸ் பாயிண்டரை கை மாத்தி கை மாத்தி உள்ள அனுப்பணும்னா யாரும் அனுப்ப மாட்டாங்க, கடைசியில எல்லா எரரும் "ஏதோ தப்பு"ன்னு வந்து நிக்கும். டேட்டா எரரோடயே வரணும்ங்கறதுல நான் உறுதியா இருக்கேன். அப்படின்னா எக்செப்ஷனுக்குள்ள இருக்கற ஸ்ட்ரிங்கோட ஓனர் யாரு? ஆப்ஜெக்ட் ரன்டைமோடதுன்னு வெச்சுக்கிட்டாலும், உள்ள இருக்கறது?


பழையகம்பைலர்:

அதைத்தான் சொல்ல வந்தேன், நடுவுல விட்டுப் போச்சு. எக்செப்ஷன் வெளிப்பக்கமா போற பொருள். அது போற வழியில எல்லா ஸ்கோப்பும் இடிஞ்சுக்கிட்டே வரும். அதனால அதுக்குள்ள இருக்கற எதுவும் கடன் வாங்கினதா இருக்கக் கூடாது, எல்லாமே அதுக்கே சொந்தமா இருக்கணும். சி++ல இதை கம்பைலர் பார்க்காது. ஒருத்தர் எக்செப்ஷன் க்ளாஸ்ல மெசேஜை கேரக்டர் பாயிண்டரா வெச்சிருப்பார், த்ரோ பண்ற இடத்துல லோக்கல் ஸ்ட்ரிங் ஒண்ணை ஒட்டி ஒட்டி கட்டி அதோட சி ஸ்ட்ரிங்கை அதுல கொடுப்பார். அன்வைண்ட் ஆகும்போது அந்த லோக்கல் ஸ்ட்ரிங் அழிஞ்சுடும், கேட்ச்ல மெசேஜை ப்ரிண்ட் பண்ணினா குப்பை. சின்ன டெஸ்ட்ல பழைய மெமரி மேல யாரும் எழுதியிருக்க மாட்டாங்க, அதனால சரியாவே தெரியும், அதுதான் கொடுமை. அரீனா அலொகேட்டர் (மெமரியை மொத்தமா எடுத்து மொத்தமா விடறது) இருந்தா இன்னும் மோசம், எக்செப்ஷனுக்குள்ள இருக்கறது அரீனால இருந்து வந்த மெமரி, அன்வைண்ட்ல அரீனாவே மொத்தமா போயிடும்.

உங்க மொழியில ஓனர்ஷிப் டைப்லயே இருக்கறதால இதை கம்பைல் டைம்லயே தடுக்கலாம், கண்டிப்பா தடுங்க. த்ரோ பண்ற டைப்புக்குள்ள எந்த பாரோவும் (கடன் வாங்கின ரெஃபரன்ஸ்) இருக்கக் கூடாது, ப்ரோக்ராம் முழுக்க வாழற லிட்டரல் தவிர. அரீனா மெமரின்னா த்ரோ பண்றதுக்கு முன்னாடி வெளிய காப்பி எடுக்க சொல்லுங்க.

காப்பின்னதும் இன்னொரு விஷயம் ஞாபகம் வருது. சி++ல ரன்டைம் எரர்ங்கற ஸ்டாண்டர்ட் எக்செப்ஷன் டைப்போட காப்பி கன்ஸ்ட்ரக்டர் த்ரோ பண்ணக் கூடாதுன்னு ரூல், ஏன்னா எக்செப்ஷனை எடுத்துட்டு போற நேரத்துல இன்னொரு எக்செப்ஷன் வந்தா எங்க போறது. ஆனா உள்ள ஸ்ட்ரிங் இருக்கு, ஸ்ட்ரிங்கை காப்பி பண்ண மெமரி வேணும். அதனால உள்ள இருக்கறது சாதாரண ஸ்ட்ரிங் இல்ல, ரெஃபரன்ஸ் கவுண்ட் வெச்ச ஸ்ட்ரிங், காப்பி பண்ணினா கவுண்ட் மட்டும் ஏறும். சி++11ல சாதாரண ஸ்ட்ரிங்குக்கு அந்த முறையை எடுத்துட்டாங்க, எக்செப்ஷனுக்குள்ள மட்டும் அது இன்னமும் உயிரோட இருக்கு. உங்களுக்கு மூவ் இருக்கறதால இந்த தொல்லை இல்ல, எக்செப்ஷனை காப்பியே பண்ண முடியாத டைப்பா வெச்சுடுங்க.


டி_பக்கம்:

டி மொழியில இதே கேள்வி வருஷக்கணக்கா ஓடுச்சு, அங்க நடந்ததை சொன்னா உதவும். டில எக்செப்ஷன் எல்லாம் க்ளாஸ், நியூ போட்டு ஜிசி ஹீப்ல பண்ணி த்ரோ பண்ணுவாங்க. அந்தப் பக்கம் நோஜிசின்னு ஒரு அட்ரிப்யூட் இருக்கு, அந்த ஃபங்ஷன் ஜிசி மெமரியையே தொடாதுன்னு கம்பைலர் உறுதி கொடுக்கும். இது ரெண்டும் நேருக்கு நேர் மோதுது: நோஜிசி ஃபங்ஷன்ல த்ரோ நியூன்னு எழுத முடியாது. அதனால ஜிசி வேணாம்னு நினைச்சவங்க எக்செப்ஷனையும் சேர்த்து இழக்க வேண்டியதா போச்சு.

முதல்ல எல்லாரும் பண்ணினது, எம்பெடட்_ஆள் எச்சரிச்ச அதே வேலைதான், ஸ்டாட்டிக் இம்யூட்டபிள் எக்செப்ஷன் ஒண்ணை வெச்சு அதையே த்ரோ பண்றது. இம்யூட்டபிள்னு பேரு, ஆனா ரன்டைம் த்ரோ பண்ணும்போது ட்ரேஸ், செயின் எல்லாம் அதுக்குள்ளதான் எழுத பார்க்கும். ரெண்டு த்ரெட் ஒரே ஆப்ஜெக்ட்டை த்ரோ பண்ணினா என்ன ஆகும்னு யோசிங்க.

அப்புறம் வால்டர் ப்ரைட் டிஐபி 1008னு ஒரு ப்ரோப்போசல் எழுதினார். த்ரோ நியூன்னு ஒண்ணா சேர்த்து எழுதினா மட்டும் கம்பைலர் அதை ஜிசியில இல்லாம ரெஃபரன்ஸ் கவுண்ட் வெச்ச ஆப்ஜெக்ட்டா ஒதுக்கும், கேட்ச் முடியும்போது கவுண்டை இறக்கி அழிச்சுடும். எழுதற கோடு மாறாது, ஓனர்ஷிப் மட்டும் அடியில மாறுது. ப்ரிவ்யூ ஃப்ளாக்காத்தான் வந்துச்சு. எனக்கு இந்த ஐடியா மேல மரியாதை உண்டு, ஆனா ரெண்டு இடத்துல இடிக்குது. ஒண்ணு, ஆப்ஜெக்ட் மட்டும்தான் ஜிசில இருந்து விடுதலை, மெசேஜை ரெண்டு ஸ்ட்ரிங் ஒட்டி பண்ணினீங்கன்னா அது ஜிசி அலொகேஷன், நோஜிசில கம்பைலர் விடாது. நீங்க இப்ப கேட்ட உள்ள இருக்கறது யாரோடதுங்கற கேள்வியே இதுதான். ரெண்டாவது, இத்தனை வருஷமா ஜிசி இருக்கற நம்பிக்கையில ஜனங்க கேட்ச்ல வந்த எக்செப்ஷனை ஒரு வேரியபிள்ல சேவ் பண்ணி அப்புறம் யூஸ் பண்ணிட்டு இருந்தாங்க. கேட்ச் முடிஞ்சதும் அழியும்னா அந்த கோடு எல்லாம் செத்த பாயிண்டரை வெச்சுக்கிட்டு நிக்கும்.

அதனால கேட்ச் பண்றவனுக்கு கிடைக்கறது பாரோவா, ஓனர்ஷிப்பான்னு முதல் நாளே முடிவு பண்ணிடுங்க. பின்னாடி மாத்த முடியாத முடிவு இது.


பாம்புமொழி:

ரெஃபரன்ஸ் கவுண்ட்னு பேச்சு வந்ததால பைத்தானை பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா ஸ்டாக் ட்ரேஸை எக்செப்ஷனுக்குள்ள எப்படி வைக்கிறோம்ங்கறது மெமரியை எவ்வளவு பாதிக்கும்னு அங்கதான் நல்லா தெரியும்.

பைத்தான் 3ல எக்செப்ஷன் தன்னோட ட்ரேஸ்பேக்கை தனக்குள்ளேயே ஒரு அட்ரிப்யூட்டா வெச்சுக்கும். ட்ரேஸ்பேக் ஃப்ரேமை பிடிச்சிருக்கும். ஃப்ரேம் அந்த ஃபங்ஷனோட லோக்கல் வேரியபிள் எல்லாத்தையும் பிடிச்சிருக்கும். இப்ப எக்செப்ட் எக்செப்ஷன் ஆஸ் "இ"ன்னு எழுதி, அந்த "இ"ங்கற லோக்கல்ல அந்த எக்செப்ஷனை போட்டா, எக்செப்ஷன் ட்ரேஸ்பேக்கை பிடிக்குது, அது ஃப்ரேமை, ஃப்ரேம் இயை, இ எக்செப்ஷனை. வட்டம் முடிஞ்சது, ரெஃபரன்ஸ் கவுண்ட் எப்பவும் பூஜ்யம் ஆகாது. அதனாலதான் எக்செப்ட் ப்ளாக் முடியும்போது பைத்தான் அந்த பேரை தானாவே டெலீட் பண்ணிடுது. புதுசா கத்துக்கறவங்க ப்ளாக்குக்கு வெளிய இயை ப்ரிண்ட் பண்ண போய் நேம் எரர் வாங்குவாங்களே, காரணம் இந்த வட்டம்தான்.

இதை மீறி யாராவது எக்செப்ஷனை ஒரு லிஸ்ட்ல சேர்த்து வெச்சா, நீங்க கேட்ட அதே யூஸ் கேஸ், ஃப்ரேம்கள் எல்லாம் உயிரோட இருக்கும், அதுல 500 எம்பி டேட்டாஃப்ரேம் ஒண்ணு லோக்கலா இருந்தா அதுவும் இருக்கும். சின்ன எரர் ஆப்ஜெக்ட்னு நினைச்சு சேர்த்தது, பின்னாடி ஒரு மலையையே இழுத்துட்டு வருது. ட்ரேஸ்பேக் மாட்யூல்ல க்ளியர் ஃப்ரேம்ஸ்னு ஒரு ஃபங்ஷனே இதுக்காக வெச்சிருக்காங்க.

உங்க மொழியில ட்ரேஸ் வேணும்னா ஃப்ரேமை வைக்காதீங்க, ரிட்டர்ன் அட்ரஸ் எண்களை மட்டும் ஒரு ஃபிக்ஸட் சைஸ் அர்ரேல வைங்க. ஃபங்ஷன் பேரா மாத்தறதை ப்ரிண்ட் பண்ணும்போது பார்த்துக்கலாம். எண்களுக்கு ஓனரும் கிடையாது, லீக்கும் கிடையாது.


துரு_ரசிகை:

ரிட்டர்ன் வேல்யூ வழியை யாரும் முழுசா பேசலையே. ரஸ்ட்ல ரிசல்ட்ங்கறது சாதாரண வேல்யூ, எரர் உள்ளேயே இருக்கும், ஓனர் எப்பவும் அதை வாங்கினவன், கேள்விக்குறி போட்டா மேல இருக்கறவனுக்கு மூவ். ஓனர்ஷிப் பக்கம் பார்த்தா இதைவிட தெளிவா ஒண்ணும் கிடையாது, உங்க மொழிக்கு புது ரூலே வேணாம்.

ஆனா அலொகேஷன் பிரச்சனை போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க, அது வேற வேஷத்துல வரும். ரிசல்ட்டோட சைஸ் எரரும் சரியான பதிலும் எது பெருசோ அந்த அளவுக்கு இருக்கும். உங்க எரர்ல ரெண்டு ஸ்ட்ரிங், ஒரு எண், ட்ரேஸ் அர்ரே எல்லாம் வெச்சா 200 பைட் தாண்டும், அப்ப வெறும் ஒரு இண்டீஜர் திருப்பி தர்ற ஃபங்ஷன் கூட ஒவ்வொரு தடவையும் 200 பைட் இடத்தை ஸ்டாக்ல ஒதுக்கி மெமரி வழியா பதில் சொல்லணும், எரர் வரவே இல்லன்னாலும். க்ளிப்பிங்கற ரஸ்ட் செக்கர்ல இதுக்கு ஒரு லிண்டே (எச்சரிக்கை ரூல்) இருக்கு, எரர் 128 பைட்டை தாண்டினா கத்தும். அதனால பெரிய ப்ராஜெக்ட்ல எல்லாரும் கடைசியில பாக்ஸ்ல போட்டு ஹீப்புக்குத்தான் போறாங்க. எனிஹவ் லைப்ரரியோட எரர் டைப் ஒரே ஒரு பாயிண்டர் சைஸ், மத்தது எல்லாம் ஹீப்ல. ஸ்டாண்டர்ட் லைப்ரரியோட ஐஓ எரர் இன்னும் அழகு, 64 பிட்ல 8 பைட்தான், பாயிண்டரோட கடைசி ரெண்டு பிட்ல இது ஓஎஸ் எரர் நம்பரா, ஸ்டாட்டிக் மெசேஜா, ஹீப்ல இருக்கற கஸ்டம் எரரான்னு குறி வெச்சிருப்பாங்க. சாதாரண ஓஎஸ் எரருக்கு அலொகேஷனே கிடையாது, தேவைப்பட்டவன் மட்டும் காசு கொடுக்கறான்.

உங்களுக்கு நான் பரிந்துரைக்கறது ஸ்விஃப்ட் வழி. மேல பார்க்க எக்செப்ஷன் மாதிரி த்ரோஸ், ட்ரை, கேட்ச் எல்லாம் இருக்கும், அடியில அன்வைண்ட் டேபிளே கிடையாது. எரர் ஹீப்ல ஒரு பாக்ஸ், அதோட பாயிண்டருக்குன்னு ஒரு ரெஜிஸ்டரை ஒதுக்கி வெச்சிருக்காங்க, ஆர்ம் 64ல எக்ஸ்21, எக்ஸ்86ல ஆர்12. கூப்பிடறதுக்கு முன்னாடி அதை பூஜ்யம் பண்ணுவாங்க, திரும்பி வந்ததும் பூஜ்யமான்னு பார்ப்பாங்க. எரர் வராத வழியில இந்த ஒரு செக் மட்டும்தான் செலவு, ரிட்டர்ன் டைப் பெருக்காது. எல்எல்விஎம்ல ஸ்விஃப்ட் எரர்ங்கற பேர்லயே இதுக்கு சப்போர்ட் இருக்கு, நீங்க அப்படியே எடுத்துக்கலாம். அந்த பாக்ஸும் வேணாம்னு நினைக்கறவங்களுக்கு 2024ல ஸ்விஃப்ட் 6ல டைப்டு த்ரோஸ் வந்துச்சு, என்ன டைப் வரும்னு முன்னாடியே தெரிஞ்சா பாக்ஸ் இல்லாம நேரா ரிட்டர்ன் பண்ணிடலாம். சி++க்கே ஹெர்ப் சட்டர் 2018ல இதை ஒட்டி ஒரு பேப்பர் எழுதினார், ரெண்டு பாயிண்டர் சைஸுக்குள்ள ஒரு எரர் வேல்யூ, ரிட்டர்ன் வழியாவே போகும்னு. ஸ்டாண்டர்டுக்குள்ள வரல, எனக்கு அதுல வருத்தம்தான்.


சின்னமொழி:

துரு_ரசிகை சொன்னதை படிச்சுட்டு எல்எல்விஎம் டாக்குமெண்ட்ல ஸ்விஃப்ட் எரர் பகுதியை பார்த்தேன், இது எனக்கு சரியா பொருந்துது. இப்ப நான் போற வழி இது, ஓட்டை இருந்தா சொல்லுங்க.

எரர்ங்கறது ஒரு பாயிண்டர் சைஸ். கடைசி பிட் 1னா அது கம்பைல் டைம் டேபிள்ல இருக்கற ஸ்டாட்டிக் எரரோட நம்பர், மெமரி தீர்ந்ததும் இதுலதான் வரும், டேட்டாவும் கிடையாது ட்ரேஸும் கிடையாது. 0ன்னா ஹீப்ல ஒரு பாக்ஸ், முன்னாடி ஹெடர், அதுல டைப், டிஸ்ட்ரக்டர், ரிட்டர்ன் அட்ரஸ் அர்ரே. ரெஃபரன்ஸ் கவுண்ட் வேணாம், ஒரே ஓனர்: த்ரோ பண்ணும்போது ரிட்டர்ன் ரெஜிஸ்டருக்கு மூவ், கேட்ச்ல பேரு கொடுத்தா அந்த லோக்கலுக்கு மூவ். லிஸ்ட்ல சேர்க்கணும்னா இன்னொரு மூவ், வேற த்ரெட்டுக்கும் மூவ். ரீத்ரோவும் மூவ்தான், அதனால ரன்டைம்ல தனி லிஸ்ட் எதுவும் வேணாம்னு நினைக்கிறேன். உள்ள இருக்கற ஃபீல்டு எதுவும் பாரோவா இருந்தா கம்பைல் எரர். பாக்ஸுக்கு மெமரி கிடைக்கலன்னா, த்ரோ பண்ண வந்த எரரை அங்கேயே அழிச்சுட்டு ஸ்டாட்டிக் மெமரி எரரை அனுப்பிடுவேன்.


எம்பெடட்_ஆள்:

கடைசி வரி மட்டும் எனக்கு உறுத்துது. ஃபைல் கிடைக்கலன்னு சொல்ல வந்த எரர் மெமரி இல்லன்னு மாறி போச்சுன்னா, மேல கேட்ச் பண்றவன் தப்பான முடிவு எடுப்பான். ஹெடர் இல்லாம டைப் நம்பரை மட்டுமாவது ஸ்டாட்டிக் எரரா அனுப்புங்க. டேட்டா போனா போகட்டும், என்ன வகை தப்புங்கறது போகக் கூடாது. பாயிண்டர்ல அதுக்கு பிட் நிறையவே இருக்கு.


பழையகம்பைலர்:

எம்பெடட்_ஆள் சொன்னதை அப்படியே எடுத்துக்கோங்க, கேட்ச் டைப்பை வெச்சு மேட்ச் பண்றது அப்பதான் எல்லா நேரமும் நம்பகமா இருக்கும். ஃபீல்டை படிக்கும்போது டேட்டா இருக்கா இல்லையான்னு கேட்க வேண்டி வரும், அதை ஆப்ஷனலா வெச்சுடுங்க.

டிசைன் மொத்தத்துல எனக்கு புடிச்சிருக்கு, இன்னும் ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு, எரர் ரெஜிஸ்டர்ல இருக்கும்போது நடுவுல இருக்கற ஃப்ரேமோட டிஸ்ட்ரக்டர்கள் ஓடும், அந்த டிஸ்ட்ரக்டர் ஒண்ணு தானும் எரர் கொடுத்தா? அப்ப உங்க கையில ஓனர் இல்லாத ரெண்டு எரர். சி++ அங்க டெர்மினேட், சி++11ல இருந்து டிஸ்ட்ரக்டர் எல்லாம் சொல்லாமலே நோஎக்செப்ட் (எக்செப்ஷனை வெளிய விடாது). டில புதுசை பழசோட செயின்ல ஒட்டி விட்டுடுவாங்க. உங்களுக்கு அடியில எல்லாமே ரிட்டர்ன் வேல்யூ, அதனால டிஸ்ட்ரக்டர் எரர் தர்ற டைப்பாவே இருக்கக் கூடாதுன்னு கம்பைலர்ல தடுத்துடறது சுலபம். ஃபைல் க்ளோஸ் மாதிரி ஃபெயில் ஆகக் கூடியதுக்கு தனியா ஒரு க்ளோஸ் ஃபங்ஷன் கொடுங்க, அதை கூப்பிடாம விட்டா டிஸ்ட்ரக்டர் சத்தமில்லாம மூடிடட்டும்.

ரெண்டாவது ப்ளகின். ஹெடர்ல டிஸ்ட்ரக்டர் அட்ரஸ் வெச்சிருக்கீங்க, அந்த அட்ரஸ் ஷேர்டு லைப்ரரிக்குள்ள இருக்கும். ப்ளகின் எரர் கொடுத்துச்சு, நீங்க பிடிச்சு லிஸ்ட்ல வெச்சீங்க, ப்ளகினை அன்லோட் பண்ணீங்க, அப்புறம் லிஸ்ட்டை அழிச்சீங்கன்னா இல்லாத கோடுக்குள்ள தாவும். ஸ்டாட்டிக் மெசேஜ் லிட்டரல் கூட அந்த லைப்ரரியோட மெமரிதான், ப்ரோக்ராம் முழுக்க வாழும்னு நாம நினைச்ச ஒண்ணு நடுவுலயே போயிடும். ப்ளகின் எல்லையில வர்ற எரரை உங்க பக்கத்து டைப் ஒண்ணுக்கு முழுசா காப்பி பண்ணி, ஒரிஜினலை அங்கேயே அழிச்சுட்டு உள்ள விடுங்க. இப்ப ப்ளகின் சப்போர்ட் இல்லன்னாலும் ஹெடர்ல எந்த மாட்யூல்ல இருந்து வந்துச்சுங்கறதுக்கு ஒரு ஃபீல்டு இப்பவே விட்டு வைங்க, ஏபிஐ ஒரு தடவை வெளிய போனா ஹெடரை தொட முடியாது.


சின்னமொழி:

மாட்யூல் ஃபீல்டு சேர்த்துட்டேன், டிஸ்ட்ரக்டர் ரூலும் போட்டுட்டேன். டைப் நம்பர் மட்டும் போற வழிக்கு டெஸ்ட் எழுதணும், மேலாக்கை வேணும்னே ஃபெயில் பண்ண வெச்சு ஒவ்வொரு த்ரோவையும் அந்த வழியில ஓட்டி பார்க்கப் போறேன். ரெப்போ இந்த வாரம் பப்ளிக் ஆகும், லிங்க் இங்கேயே போடறேன்.